எதிராளி ஒப்புக்கொண்டதிலிருந்து தொடங்குங்கள்: தத்துவ விவாதத்துக்குப் புதியவர்களுக்கு

தத்துவ விவாதத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு குறையை அடிக்கடி கேட்கிறேன்: "நான் சொன்னதில் தப்பே இல்லை, ஆனாலும் எதிரில் இருந்தவர் அசையவில்லை." பல சமயம் அவர்கள் சொன்னதில் உண்மையிலேயே தப்பு இருக்காது. தொடங்கிய இடம்தான் தப்பு. தங்களுக்கு எது நிச்சயமோ அதிலிருந்து தொடங்கியிருப்பார்கள். எதிரில் இருப்பவருக்கு எது நிச்சயமோ அங்கிருந்து கிளம்பி, அவர் மறுக்க முடியாத படிகளை ஒவ்வொன்றாக வைத்து, அவர் வரத் தயங்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வாதம்தான் எடுபடும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் கையில் ஒன்றும் நிற்காது. அதனால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வாதத்தை எடுத்துக்கொண்டு அதையே பிரித்துப் பார்ப்போம். திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வரும் 256ஆம் குறள்:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

தின்பதற்காக உலகம் கொல்லாமல் இருந்தால், காசுக்காக இறைச்சி விற்பவர் யாரும் இருக்கமாட்டார் என்கிறது. இதை அறிவுரையாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். இது அறிவுரை இல்லை, முழுமையான வாதம். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதை அப்படித்தான் படிக்கிறார். இந்தக் குறள் யாருக்குப் பதில் என்றுகூட உரையில் சொல்லிவிடுகிறார். நீங்கள் இறைச்சி சாப்பிடுபவரா இல்லையா என்பது இந்தப் பயிற்சிக்கு முக்கியமில்லை. வாதம் எப்படி நிற்கிறது, எங்கே ஆட்டம் காண்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதலில்: எதற்காகப் பேசுகிறீர்கள்?

இந்தியத் தருக்கவியலின் பழைய நூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை எது என்று தெரிந்துகொள்ள இருவரும் சேர்ந்து தேடுவது வாதம். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென்று எந்த நிலையும் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பதிலேயே குறியாக இருப்பது விதண்டை.

எதிராளி வாயடைத்துப் போவதும், கூட்டம் கைதட்டுவதும், எதிராளி தன் நம்பிக்கைகளில் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயத்துக்கு வருவதும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். முதல் இரண்டும் குரல் வளத்தாலும் நக்கலாலும்கூட நடக்கும். மூன்றாவது அப்படி நடக்காது. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவதுக்கு மட்டும்தான் உதவும்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"புலால் உண்பது சரியா?" என்று தொடங்கினால் அந்த விவாதம் முடியவே முடியாது. உடல்நலம், பழக்கம், சாதி, மதம், சுற்றுச்சூழல், விலங்கின் வலி என்று ஆறு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. ஒருவர் சாதியைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் புரதச்சத்தைப் பற்றிப் பதில் சொல்வார்.

குறள் 256 எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சின்னது. கொல்லவும் இல்லை, கொல்லச் சொல்லவும் இல்லை, கடையில் கிடைத்ததை வாங்கித் தின்றவருக்கு அந்தக் கொலையில் பங்கு உண்டா? அவ்வளவுதான். சமணக் காப்பியமான நீலகேசியும் பௌத்தர்களோடு இதே விஷயத்தில் மோதுகிறது. அந்தக் காலத்தில் இது சூடான கேள்வி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கேள்வி எழுவதற்கே, கொலை தவறு என்பதில் இரண்டு தரப்புக்கும் உடன்பாடு இருக்க வேண்டும். "ஆட்டைக் கொல்வதில் என்ன தவறு?" என்று கேட்பவரிடம் இந்தக் குறளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவரிடம் பேச வேறு வாதம் வேண்டும். வாதத்தில் குறை இருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதை அது தெளிவாக முடிவுசெய்திருக்கிறது. எல்லாரையும் ஒரே வாதத்தால் மடக்க முயல்பவர் யாரையும் மடக்குவதில்லை.

ஆகவே, பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில், இருவரும் ஒப்புக்கொண்டது. இரண்டாம் வரியில், ஒப்புக்கொள்ளாதது. இரண்டாவது வரி ஒரே வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் கேள்வி இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது.

எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லுங்கள்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில், அருணந்தி சிவாசாரியார் உலகாயதர் (கண்ணால் காண்பதை மட்டுமே நம்புபவர்கள்) தொடங்கிப் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கிறார். ஒவ்வொன்றிலும் முதலில் அந்த மதம் என்ன சொல்கிறது என்று முழுதாக வைக்கிறார். அதற்குப் பிறகுதான் மறுதலை. நியாய நூல்களில் இது விதியாகவே இருக்கிறது. விவாதத்தில் ஒருவர் தோற்றதாகக் கருத வேண்டிய 22 நிலைகளை நியாய சூத்திரம் பட்டியலிடுகிறது. எதிராளி மூன்று முறை சொல்லி, அவைக்கும் புரிந்துவிட்ட கருத்தை உங்களால் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால், அதுவே அந்த 22இல் ஒன்று. மறுப்பது அப்புறம். திருப்பிச் சொல்லத் தெரியாவிட்டாலே தோல்வி.

நம் குறளுக்கு எதிராளியின் வாதம் என்ன? "நான் கொல்லவில்லையே" என்பது மேலோட்டமான வடிவம். பரிமேலழகர் காட்டும் வாதி இதைவிடக் கூர்மையானவர். அவர் சொல்வது இது: கொலை முன்னால் நடக்கிறது, தின்பது பின்னால் நடக்கிறது. பின்னால் நடப்பது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது. ஆகவே தின்பது கொலைக்குக் காரணம் இல்லை; காரணமாக இருந்ததால் வரும் பாவமும் தின்பவருக்கு இல்லை.

நல்ல வாதம் இது. காரணம் காரியத்துக்கு முந்தியது என்பதை யார் மறுப்பார்கள்? இந்த வடிவத்துக்குப் பதில் சொல்லாமல், "நான் கொல்லவில்லையே" என்ற மெலிந்த வடிவத்தை மட்டும் அடித்துவிட்டு வந்தால், எதிராளி மனதுக்குள் "நான் சொன்னது அதில்லை" என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். நீங்கள் அவர் நிலையைச் சொல்லி முடித்ததும் "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று அவர் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

உங்கள் வாதத்தை வரிவரியாகப் பிரியுங்கள்

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளை, அதாவது ஒன்றைச் சரியாக அறியும் வழிகளை, கற்பிக்கிறார். அங்கே வரும் பழைய உதாரணம்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. நிறுவ வேண்டியது பக்கம், காரணம் ஏது, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் உதாரணம் திட்டாந்தம். உபநயம், நிகமனம் என்று இன்னும் இரண்டு உறுப்புகளும் உண்டு. அவை திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அந்தக் காதையே சொல்லிவிடுகிறது. புதியவர்களுக்கு முதல் மூன்று போதும்.

குறளை இப்படிப் பிரிக்கலாம். உலகம் தின்னாவிட்டால் விற்பவர் இருக்கமாட்டார். விற்பவர் இல்லையென்றால் விற்பதற்கான கொலையும் இல்லை. ஆகவே தின்பதுதான் அந்தக் கொலைக்குக் காரணம். இதோடு நிறுத்தினால் "சரி, காரணம்தான். அதனால் என்ன?" என்று கேட்க இடமிருக்கிறது. குறளில் சொல்லப்படாத ஒரு வரி இங்கே தேவை: ஒரு தீங்குக்குக் காரணமாக இருப்பவருக்கு அந்தத் தீங்கில் பங்கு உண்டு.

பெரும்பாலான வாதங்களில் இப்படிச் சொல்லாமல் விட்ட வரி ஒன்று இருக்கும். அது நமக்கு மிகவும் இயல்பாகத் தோன்றுவதால்தான் சொல்லாமல் விடுகிறோம். எதிராளி கால் வைத்துத் தடுக்குவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். கடைசிக் காரணத்தைப் படித்துவிட்டு உடனே முடிவைப் படித்துப் பாருங்கள். இடையில் ஒரு சின்னத் தாவல் தெரிந்தால், அங்கே ஒரு வரி ஒளிந்திருக்கிறது. எடுத்து வெளியே வையுங்கள்.

காலத்தைப் பற்றிய எதிர்ப்புக்கு இந்த வரிகள் பதில் சொல்கின்றனவா? சொல்கின்றன. கல்யாணப் பந்தி மதியம்தான் நடக்கிறது, சமையல் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பந்தி இல்லையென்றால் அந்தச் சமையல் இல்லை. உடனே எதிராளி திருத்துவார்: "சமையலுக்குக் காரணம் பந்தி இல்லை, பந்தி நடக்கும் என்ற எதிர்பார்ப்பு." மிகவும் சரியான திருத்தம். மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரரின் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? நேற்றும் அதற்கு முந்தின நாளும் வாங்கியவர்களிடமிருந்து. இன்றைய கொலைக்கு இன்றைய தின்கை காரணமில்லை, சரி. நாளைய கொலைக்குக் காரணம். எதிராளியின் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகு வாதம் முன்பைவிடப் பலமாகிவிட்டது. நல்ல விவாதத்தில் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் திருத்தங்களைக் கண்டு பயப்பட வேண்டாம் என்கிறேன்.

பரிமேலழகர் இந்த இடத்தில் குறள் பயன்படுத்துவது அருத்தாபத்தி அளவை என்கிறார். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று இருக்க வழியில்லை என்பதைக் காட்டி, இருப்பதிலிருந்து அதை நிறுவுவது. விற்பவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். தின்பவர்கள் இல்லாமல் அவர்கள் இருக்க வழியில்லை.

ஒவ்வொரு வரியையும் எதிராளியின் பக்கம் உட்கார்ந்து படியுங்கள்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் படி இது.

மணிமேகலையின் அதே காதை, பழுதான ஏதுக்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறது. அதில் ஒரு வகை அன்னியதராசித்தம். ஏது ஒரு தரப்புக்கு உறுதி, மற்றத் தரப்புக்கு உறுதியில்லை. ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது செய்யப்படுவது என்று ஒருவர் வாதிடுகிறார். எதிரில் இருப்பவர் சாங்கியம் என்ற தத்துவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் கணக்கில் எதுவும் புதிதாகச் செய்யப்படுவதில்லை. ஏற்கெனவே இருப்பது வெளிப்படுகிறது. ஆகவே அந்தக் காரணம் அவரிடம் செல்லாது.

கவனியுங்கள்: அந்தக் காரணம் பொய் என்று அந்தக் காதை சொல்லவில்லை. உண்மையாகவே இருந்தாலும், இவரிடம் இது காரணமாக வேலை செய்யாது என்கிறது. உண்மையான காரணமும் எடுபடும் காரணமும் ஒன்றில்லை என்பதை இத்தனை தெளிவாகச் சொன்ன இடங்கள் குறைவு. உதாரணத்தைப் பற்றி நியாய சூத்திரம் சொல்வதும் இதையொட்டியே: சாதாரண மனிதரும் ஆராய்ச்சியாளரும் எந்த விஷயத்தில் ஒத்த கருத்தோடு இருக்கிறார்களோ, அதுவே திட்டாந்தம்.

ஆகவே ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். எதிராளி இதை ஏற்கிறாரா, மறுக்கிறாரா, தெரியவில்லையா? மறுக்கும் வரி இருந்தால் இரண்டு வழி. அந்த வரிக்குத் தனியாக ஒரு வாதம் கட்டுங்கள்; அல்லது அது இல்லாமல் அதே இடத்துக்குப் போக முடியுமா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். விவாதத்தில் கேள்வி கேட்பது பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, "இதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்ற கேள்வியைப் போலப் பயன்படும் கருவி வேறில்லை.

பெரியவர்கள் சொன்னார்கள் என்பதும் இதே சோதனைக்கு உட்பட்டதுதான். மணிமேகலையில் அறவண அடிகள் ஏற்கும் அளவைகள் காட்சியும் அனுமானமும் மட்டுமே. அப்படிப்பட்டவரிடம் வேதத்தைக் காட்டிப் பயனில்லை. குறள் 256ஐத் திரும்பப் படித்தால், அதில் எந்த நூலின் பெயரும் எந்த முனிவரின் பெயரும் இல்லை.

உங்கள் பொது வரியை நீங்களே உடைத்துப் பாருங்கள்

வாதத்தில் எங்காவது "எல்லா", "எப்போதும்", "யாராக இருந்தாலும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை உடைக்க ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும்.

1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற தத்துவவாதி மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அறிவு என்பது தகுந்த ஆதாரமுள்ள உண்மையான நம்பிக்கை என்ற வரையறைக்கு எதிராக அதில் இரண்டு கதைகள் சொல்கிறார். ஒன்றில் ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று ஸ்மித்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருப்பதும் தெரியும். "வேலை கிடைக்கப்போகிறவர் பையில் பத்து நாணயங்கள் இருக்கின்றன" என்று ஸ்மித் முடிவுசெய்கிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவருக்கே தெரியாமல் அவர் பையிலும் பத்து நாணயங்கள். நம்பிக்கை உண்மை, ஆதாரமும் இருந்தது, ஆனால் அதை அறிவு என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. அந்த மூன்று பக்கங்களுக்குப் பதில் சொல்லும் முயற்சி இன்னும் நடக்கிறது.

நம் வரியை இப்படிச் சோதிப்போம். "ஒரு தீங்குக்குக் காரணமாக இருப்பவருக்கு அந்தத் தீங்கில் பங்கு உண்டு." நகை அணிபவர்களே இல்லாவிட்டால் சங்கிலி பறிப்பவர்கள் இருக்கமாட்டார்கள். அப்படியானால் சங்கிலியைப் பறிகொடுத்தவருக்கும் அந்தத் திருட்டில் பங்கா? இல்லவே இல்லை. ஆனால் வடிவத்தைப் பாருங்கள். குறளின் வடிவம் அப்படியே இருக்கிறது. இன்னார் இல்லையென்றால் இன்னது நடக்காது.

ஒரு வாதத்தின் அச்சை அப்படியே எடுத்து, யாரும் ஏற்காத முடிவு ஒன்றை அதிலிருந்து வார்த்துக் காட்டும் இந்த முறை மிகப் பழையது. 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற கிறிஸ்தவத் துறவி, இதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாது என்னும்படியான ஒன்று மனதில் மட்டும் இருக்க முடியாது, நிஜத்திலும் இருந்தாக வேண்டும் என்று வாதிட்டுக் கடவுளை நிறுவ முயன்றார். கௌனிலோ என்ற துறவி அதே அச்சில், இதைவிடச் சிறந்ததை நினைக்க முடியாத தீவு ஒன்றும் நிஜத்தில் இருந்தாக வேண்டுமே என்று கேட்டார். எந்த வரி தவறு என்று அவர் காட்ட வேண்டியிருக்கவில்லை; எங்கோ தவறு இருக்கிறது என்று காட்டினாலே போதும். அன்செல்ம் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் தன் நூலோடு சேர்த்தே படியெடுக்கச் சொன்னார்.

மணிமேகலையின் பட்டியலில் இந்தப் பழுதுக்கும் இடமிருக்கிறது. ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்றால், குடமும் அறியப்படுகிறது, ஆகாயமும் அறியப்படுகிறது. குடம் அழியும், அந்தக் கால வாதிகளின் கணக்கில் ஆகாயம் அழியாது. இரண்டு பக்கமும் பொருந்தும் காரணம் எதையும் நிறுவாது.

வரி உடைந்தால் என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டாம், குறுக்குங்கள். நகை அணிந்தவருக்கும் இறைச்சி வாங்குபவருக்கும் என்ன வேறுபாடு? நகை அணிந்தவர் திருடனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. திருட்டால் அவருக்குப் பயனும் இல்லை, இழப்புதான். இறைச்சி வாங்குபவர் தெரிந்தே, தன் காசைக் கொடுத்து, அந்தச் செயலின் பயனைப் பெற்றுக்கொள்கிறார். அப்படியானால் புதிய வரி: ஒரு தீங்கு நடந்தது என்று தெரிந்தே, அதைச் செய்தவருக்குக் காசு கொடுத்து அதன் பயனைப் பெறுபவருக்கு அந்தத் தீங்கில் பங்கு உண்டு.

இந்தப் புதிய வரிக்கு எதிராளியே ஒப்புக்கொள்ளும் உதாரணம் இருக்கிறதா? இருக்கிறது. திருட்டு நகை என்று தெரிந்தே வாங்கும் வியாபாரி. அவர் திருடவில்லை, திருடச் சொல்லவும் இல்லை; திருட்டு முடிந்த பிறகுதான் வருகிறார். ஆனாலும் அவருக்குப் பொறுப்பில்லை என்று யாரும் சொல்வதில்லை. திருட்டுப் பொருளை நேர்மையற்ற முறையில் வாங்குவதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருந்தது.

காலத்தை வைத்துச் சொன்ன எதிர்ப்பும் இதோடு தளர்ந்துவிடுகிறது. பின்னால் வந்தவருக்குப் பங்கில்லை என்றால் இந்த வியாபாரிக்கும் பங்கில்லை என்று சொல்லியாக வேண்டும். எதிராளி அதைச் சொல்ல மாட்டார். அவர் ஏற்கெனவே நம்புகிற ஒன்றை வைத்தே அவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டோம்.

எவ்வளவு நிறுவினீர்களோ அவ்வளவே கேளுங்கள்

குறளில் "உலகெனின்" என்று இருக்கிறது. உலகம் முழுவதும் விட்டால் என்றுதான் வாதம் தொடங்குகிறது. கூர்மையான எதிராளி இங்கே பிடிப்பார்: "உலகம் விட்டால் விற்பவர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் ஒருவன் விட்டால் என்ன ஆகும்? கடைக்காரர் ஒரு கோழியாவது குறைவாக வெட்டுவாரா?"

மழுப்ப முடியாத கேள்வி இது. உலகத்தைப் பற்றி நிறுவியதை ஒருவரைப் பற்றி நிறுவியதாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்றைய தத்துவவாதிகளும் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1975இல் ஜோனதன் குளோவர் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஒரு கிராமத்தில் நூறு பேர் மதியம் சாப்பிட உட்காருகிறார்கள், ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு பயறு. ஆயுதத்தோடு நூறு கொள்ளையர்கள் வந்து, ஆளுக்கு ஒரு கிண்ணத்தை முழுதாகப் பிடுங்கித் தின்றுவிடுகிறார்கள். அடுத்த முறை அவர்களுக்கு மனசாட்சி உறுத்துகிறது. அதனால் ஒவ்வொரு கொள்ளையரும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு பயறை மட்டும் எடுக்கிறார். ஒரு பயறு குறைந்ததை யாராலும் உணரவே முடியாது. கடைசியில் நூறு பேரும் முன்புபோலவே பட்டினி. எந்தக் கொள்ளையரும் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று சொல்ல முடியுமா?

இதைக் கேட்டதும் எதிராளியின் "நான் ஒருவன்தானே" கொஞ்சம் ஆடும். ஆனால் முழுதாக விழாது. கொள்ளையர்களின் விஷயத்தில் ஒவ்வொருவரும் எடுத்த பயறு நிஜமாகவே குறைந்தது. கடையில் நான் வாங்காத ஒன்று வீணாகப் போகலாம், அவ்வளவுதான் என்று அவர் சொல்லலாம். இதற்கு 2011இல் ஷெல்லி கேகன் என்ற தத்துவவாதி ஒரு கணக்கு சொன்னார். கடைக்காரர் 25 கோழி விற்றதும் 25 கோழிகள் கொண்ட அடுத்த கூட்டை வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கொள்முதல் அந்த 25ஆவதாக அமைய இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு. அமைந்தால் 25 கோழிகள். வாய்ப்பையும் விளைவையும் பெருக்கினால் சராசரியில் ஒரு கோழிக்கு ஒரு கோழி. அழகான கணக்கு. ஆனால் சந்தை இவ்வளவு சீராக நடப்பதில்லை, வழியில் வீணாவதும் தேங்குவதும் உண்டு, தனி ஒருவரின் கொள்முதல் அந்த ஏற்ற இறக்கத்தில் காணாமல் போய்விடும் என்ற மறுப்பும் இருக்கிறது.

என் கருத்து இது: குறளின் வாதம் உலகம் என்ற அளவில் மிக உறுதியாக நிற்கிறது. ஒருவர் என்ற அளவுக்கு இறங்க வேண்டுமானால் இன்னொரு பலகை போட வேண்டும். விளைவைக் கணக்கிடாமல் பங்கேற்பைப் பற்றிப் பேசும் பலகையாக அது இருந்தால் நல்லது. திருட்டு நகை வியாபாரி வாங்காவிட்டால் திருடன் வேறு ஒருவரிடம் விற்றிருப்பான். அதனால் அவர் பொறுப்பு குறைந்துவிடவில்லையே!

எதிராளியிடம் இதை அப்படியே சொல்லுங்கள். "இதுவரை நிறுவியிருக்கிறேன், இதற்குமேல் இன்னும் நிறுவவில்லை." இப்படிச் சொல்வது தோல்வி போலத் தோன்றும். நடைமுறையில் நேர் எதிர். எல்லை எங்கே என்று நீங்களே காட்டிய பிறகு, எல்லைக்கு உள்ளே இருப்பதை மறுப்பது எதிராளிக்குக் கடினமாகிவிடுகிறது.

எதிராளி தலைகீழாகத் திருப்பினால்

எல்லா வரிகளையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒருவர் இப்படிச் சொல்லலாம்: "உங்கள் முடிவு தவறு என்பது எனக்கு நிச்சயம். ஆகவே உங்கள் வரிகளில் ஏதோ ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும்." புதியவர்கள் இதை அடம் என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். இது நியாயமான நகர்வு. 1939இல் ஜி. ஈ. மூர் என்ற தத்துவவாதி, நமக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதையே ஐயப்படுபவர்களுக்கு எதிராக, புற உலகம் இருக்கிறது என்று நிறுவ, இதோ ஒரு கை, இதோ இன்னொரு கை என்று காட்டினார். எந்த ஐயவாதியின் காரணத்தைவிடவும் தன் கை இருப்பதே அவருக்கு அதிக நிச்சயம்.

இங்கே செய்ய வேண்டியது, விலையைக் காட்டுவது. "சரி, முடிவை மறுக்கிறீர்கள். அப்படியானால் எந்த வரியைக் கைவிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். நம் உதாரணத்தில் அவருக்கு மூன்று கதவுகள். திருட்டு நகை வியாபாரி குற்றமற்றவர் என்று சொல்லலாம். வியாபாரிக்கும் இறைச்சி வாங்குபவருக்கும் இடையே ஒரு வேறுபாட்டைக் காட்டலாம். அல்லது, விலங்கைக் கொல்வது தவறு என்று தொடக்கத்தில் ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறலாம்.

பெரும்பாலானவர்கள் மூன்றாவது கதவுக்குத்தான் போவார்கள். போகட்டும். "கொல்வது தவறு, ஆனால் தின்பவருக்குப் பங்கில்லை" என்ற வசதியான நடுநிலை இனி இல்லை என்பது இப்போது இருவருக்கும் தெரிந்துவிட்டது. உண்மையான கருத்து வேறுபாடு விலங்கின் உயிரைப் பற்றியது. தின்பவரின் பங்கைப் பற்றியது இல்லை. இதைக் கண்டுபிடித்ததே அந்த மாலையின் பெரிய லாபம். அடுத்த விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

தவிர்க்க வேண்டியவை, சுருக்கமாக

"நீங்கள் மட்டும் தோல் செருப்பு போடவில்லையா?" என்று கேட்காதீர்கள். அது அவர் சொல்லும் செயலும் ஒத்துப்போகவில்லை என்று காட்டும். அவர் வாதத்தைத் தொடாது. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால், "ஆமாம், அதையும் நான் யோசிக்க வேண்டும். இப்போது இந்த வரிக்கு வருவோம்" என்று சொல்லித் தாண்டிவிடுங்கள்.

இடையில் நிலையை மாற்றாதீர்கள். மாற்ற வேண்டி வந்தால் மாற்றுகிறேன் என்று அறிவித்துவிட்டு மாற்றுங்கள். சத்தமில்லாமல் மாற்றுவதும் மேலே சொன்ன 22 தோல்வி நிலைகளில் அடங்கும்.

ஒரு நல்ல காரணத்தோடு மூன்று சுமாரான காரணங்களைச் சேர்க்காதீர்கள். எதிராளி சுமாரானவற்றை உடைத்துவிட்டு நல்லதைத் தொடாமலே போய்விடுவார். கேட்பவர்களுக்கும் எல்லாம் உடைந்ததாகவே படும்.

அடுத்துப் பழக ஒரு வாதம்

இதே படிகளை வைத்துப் பழக, 1972இல் தத்துவவாதி பீட்டர் சிங்கர் வெளியிட்ட வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் கிழக்கு வங்காளத்தில் (இன்றைய வங்காளதேசம்) மக்கள் பசியாலும் நோயாலும் இறந்துகொண்டிருந்தபோது எழுதியது. ஆழமில்லாத குளம் ஒன்றில் குழந்தை மூழ்குகிறது, நீங்கள் அந்தப் பக்கமாகப் போகிறீர்கள். இறங்கினால் உடை சேறாகும், அவ்வளவுதான். இறங்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அங்கிருந்து அவர் வைக்கும் வரிகள் இவை. உணவும் உறைவிடமும் மருத்துவமும் இல்லாமல் துன்பப்படுவதும் சாவதும் தீயவை. அதற்கு ஈடான முக்கியத்துவம் உள்ள எதையும் இழக்காமல் ஒரு தீமையைத் தடுக்க நம்மால் முடியும் என்றால், தடுப்பது நம் கடமை. தூரம் இதில் வேறுபாடு எதையும் உண்டாக்காது. ஆகவே தொலைவில் பசியால் வாடுபவர்களுக்குக் கொடுப்பது தருமம் இல்லை, கடமை.

வரிகளைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீங்கள் ஏற்கிறீர்களா என்று குறியுங்கள். அப்புறம் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வரியில் "ஈடான முக்கியத்துவம்" என்பது எங்கே முடிகிறது என்ற கேள்வியில் தொடங்குவது நல்லது. பலருடைய மறுப்பு அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.